யுத்தம் நடக்கிற இடத்தில நிவாரண வேலை செய்யிற ஆக்களுக்கு உண்மையில பாதுகாப்பு இருக்கா?

நீங்கள் கேக்கிறதைப் பாத்தால் வீட்டில ஆரோ சூடானுக்கோ காசாவுக்கோ வெளிக்கிட நிக்கினம் போல. ஒண்டை மட்டும் விசாரிச்சுப் பாருங்கோ, கொன்ட்ராக்ட் வெளிநாட்டு ஸ்டாஃப் எண்டோ லோக்கல் ஸ்டாஃப் எண்டோ. மிச்சக் கதை பிறகு.

நான் வன்னியில ஒரு நிவாரண என்ஜிஓவில டிரைவரா இருந்தனான். பேர் சொல்லேல்ல, வீண் சண்டை வேண்டாம். பாதுகாப்பு இல்லையெண்டு சொல்லமாட்டன், லாண்ட் குரூசருக்குப் பெரிய கொடி, காலமையும் பின்னேரமும் ரேடியோ செக், ஒஃபிஸ் இருக்கிற ஜிபிஎஸ் பொயின்ட் ரெண்டு பக்கத்துக்கும் குடுத்திருந்தது. 2008 செப்டம்பர்ல அரசாங்கம் யூஎன்னையும் என்ஜிஓக்களையும் வெளியேறச் சொல்ல, கிளிநொச்சியில சனம் யூஎன் வாசல்ல வந்து போகாதேங்கோ எண்டு கெஞ்சினது, ஆனாலும் போட்டினம். எங்கட வெள்ளைக்காரரும்தான். வன்னியால வெளிய போக எனக்குப் பாஸ் கிடைச்சாலும் மனுசி பிள்ளையளுக்குப் புலிகள் இயக்கம் குடுக்காது, நான் எப்பிடிப் போறது? வெளிக்கிடேக்க எங்கட வெள்ளைக்காரர் ஜெனரேட்டர் திறப்பையும் டீசல் கணக்குக் கொப்பியையும் என்னட்டத் தந்து ஒரு கையெழுத்தும் வாங்கினவர். அண்டு பின்னேரம் பழக்கதோசத்தில ரேடியோ செக்குக்குக் கூப்பிட்டன், ஒரு சத்தமும் இல்லை. கொடியைக் கழட்டி மழைக்குப் பங்கருக்கு மேல போட்டம்.

உடன கீழ வந்து "அவன் செய்யேல்லையா, இவன் செய்யேல்லையா" எண்டு எழுதாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் வக்காலத்து வாங்கேல்ல, அந்த வெள்ளைக்காரரும் நல்ல மனிசர்தான், அவருக்கும் மேலிடத்து ஓர்டர். ஆனால் 2006 ஆகஸ்ட் 4 மூதூர்ல ஒரு பிரான்ஸ் நிறுவனத்தின்ர ஸ்டாஃப் 17 பேரை ஒஃபிஸ் வளவுக்குள்ளயே சுட்டவை. 17 பேரும் உள்ளூர் ஆக்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. 2024 ஏப்ரல் 1 காசாவில வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் எண்ட, சாப்பாடு குடுக்கிற நிறுவனத்தின்ர ஆக்கள் 7 பேர் செத்தவை, அவையும் போற பாதையை இஸ்ரேல் ஆமிக்கு முன்னமே சொல்லிப்போட்டு, அடையாளம் ஒட்டின வாகனத்திலதான் போனவை. அதில ஆறு பேர் வெளிநாட்டுக்காரர், உலகமே கத்தினது. கத்தத்தான் வேணும், நான் பிழை சொல்லேல்ல.

அதால கொடியையும் ஹெல்மெட்டையும் பாத்து மயங்காதேங்கோ. ஆபத்து வந்து ஸ்டாஃபை ஏத்திக்கொண்டு போறதெண்டால் குடும்பத்தையும் ஏத்துவினமோ எண்டு எழுத்தில கேளுங்கோ.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். முகாமால வந்தாப்பிறகு ஒரு சேர்விஸ் லெற்றர் கேட்டு நாலு மெயில் போட்டன், டிரைவர் வேலைக்குக்கூட அது இல்லாமல் எடுக்கமாட்டினம். ஒண்டுக்கும் பதில் இல்லை. பிறகு அவையாவே ஒரு மெயில் போட்டினம், டீசல் கணக்குக் கொப்பி எங்க எண்டு.