162 ஆட்டங்களைப் பின்தொடர்வது எப்படி? பேஸ்பால் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரே சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறதாமே, நிஜமா? ஓய்வே கிடையாதா?

நிஜம்தான். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய 185 நாளில் 162 ஆட்டம். அதில் 81 சொந்த மைதானத்தில். முன்பு 154 ஆக இருந்தது. மேஜர் லீகின் இரு பாதிகளில் அமெரிக்கன் லீக் 1961இலும், நேஷனல் லீக் அடுத்த ஆண்டும் 162க்கு மாறின. வெளியூர் போனால் ஒரே எதிரணியுடன் மூன்று நான்கு நாள் தொடர்ந்து ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறுவார்கள். விடுமுறையே இல்லாமல் 20 நாளுக்கு மேல் அட்டவணை போடக்கூடாது என்பது வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம். மழையில் தள்ளிப்போன ஆட்டம் கிடைத்த விடுமுறையையும் விழுங்கிவிடுவது உண்டு.

2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளையும் சந்திக்கிறது. ஆனாலும் கனம் சொந்த டிவிஷனில்தான் (ஐந்து அணிகள் கொண்ட உட்பிரிவு): அங்குள்ள மற்ற நான்கு அணிகளோடு தலா 13, மொத்தம் 52 ஆட்டம்.

கேள்வி: பட்டியலில் "3.5 ஆட்டம் பின்தங்கியுள்ளது" என்கிறார்கள். அரை ஆட்டம் எப்படி வரும்? "மேஜிக் நம்பர்" என்றால் என்ன?

எல்லா அணியும் ஒரே நாளில் ஒரே எண்ணிக்கையில் ஆடி முடிப்பதில்லை. அதனால்தான் அரை வருகிறது. முதலிடத்து அணி 88 வெற்றி, 60 தோல்வி. இரண்டாவது அணி 84 வெற்றி, 63 தோல்வி என்று வையுங்கள். வெற்றி வித்தியாசம் 4, தோல்வி வித்தியாசம் 3. கூட்டினால் 7, பாதி 3.5.

பழகிய ரசிகர்கள் முதலில் பார்ப்பது தோல்விப் பத்தியைத்தான். ஆடாத ஆட்டத்தை நாளை ஜெயிக்கலாம். விழுந்த தோல்வியை அழிக்க முடியாது.

மேஜிக் நம்பருக்கு 163இலிருந்து முதல் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழியுங்கள்: 163 – 88 – 63 = 12. முதல் அணி ஜெயிக்கும்போது ஒன்று குறையும், இரண்டாம் அணி தோற்கும்போதும் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் முதலிடம் உறுதி. பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. 2022 முதல் சமநிலையை உடைக்கத் தனி ஆட்டம் கிடையாது. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களே முன்னே. அதில் முதல் அணி கை ஓங்கியிருந்தால் 12க்குப் பதில் 11 போதும். ஏப்ரலில் ஏனோதானோவென்று தோற்ற ஒரு தொடர் செப்டம்பரில் கழுத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

கேள்வி: நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிட்ச்சரை ஆறாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிடுகிறார்கள். கோபமாக வருகிறது!

கோபம் நியாயமே, ஆனால் கணக்கு பயிற்சியாளர் பக்கம். ஒரே பேட்டர் மூன்றாவது முறை எதிரே வந்து நிற்கும்போது அந்த பிட்ச்சரின் பந்துகள் அவருக்குப் பழகியிருக்கும்; பிட்ச்சரின் கையும் சோர்ந்திருக்கும். அந்த மூன்றாம் சுற்றில்தான் அடி பலமாக விழுகிறது. அதற்கு முன்பே ஆளை மாற்றப் பார்க்கிறார்கள்.

சீசன் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்றால் 1,458 இன்னிங்ஸ் வீசியாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேர் முறைவைத்து, நடுவே நான்கு நாள் ஓய்வுடன் வந்தால் ஆளுக்கு 32 ஆட்டம் சொச்சம். ஒவ்வொன்றிலும் 90–100 பந்தில் ஐந்தரை இன்னிங்ஸ் தாங்கினால் ஐவரும் சேர்ந்து சுமார் 890. மீதி 570 இன்னிங்ஸ் புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் காத்திருக்கும் இடம்) இருக்கும் எட்டுப் பேர் தலையில், ஆளுக்கு 70க்கு மேல். இதுவும் ஐவரில் ஒருவருக்கும் காயமே வராது என்று நினைத்தால்தான். அப்படி ஒரு வருடம் அமைவது அபூர்வம். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்து, 1974இல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு முதன்முதலாகச் செய்த அந்த அறுவை சிகிச்சைக்குப் போனால், திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும்.

புல்பென் எங்கே உடைகிறது? ஒரு ஸ்டார்ட்டரின் பந்துகளை எதிரணி விளாசி, அவர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறினால் அன்று நாலைந்து பேர் வீச வேண்டிவரும். மறுநாள் அவர்களில் பலர் கிடைக்க மாட்டார்கள். தோல்வி ஒன்றுதான், விலையை மூன்று நாள் கொடுக்க வேண்டும். அதனால் ஆட்டம் கைவிட்டுப் போனதும், நீண்ட நேரம் வீசக்கூடிய ஒருவரையே எவ்வளவு அடி விழுந்தாலும் வீசவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவார்கள். பார்க்கச் சகிக்காது, சரியான முடிவு அதுவே.

கேள்வி: நேற்று ஆடியவர் இன்று பட்டியலில் இல்லை. எங்கே போகிறார்கள்?

களத்துக்கான பட்டியலில் 26 பேர், அதில் பிட்ச்சர்கள் 13க்கு மேல் கூடாது. செப்டம்பரில் 28 பேர். காயம் என்றால் பேட்டருக்குக் குறைந்தது 10 நாள், பிட்ச்சருக்கு 15 நாள் விலகல். காயம் இல்லாமலும் காணாமல் போனால் கீழ்மட்டப் போட்டியான மைனர் லீகுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரே சீசனில் ஒருவரை அப்படி ஐந்து முறைக்கு மேல் இறக்க முடியாது. இறக்கப்பட்ட பிட்ச்சர் 15 நாள் அங்கே இருக்க வேண்டும், யாருக்காவது காயம் பட்டு அந்த இடத்துக்குத் தேவைப்பட்டால் ஒழிய.

கேள்வி: மே மாதமே எங்கள் அணி அடிமட்டத்தில். இந்த வருடம் அவ்வளவுதானா?

2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி. முடித்தது 93–69, மேஜர் லீகின் இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பையோடு. ஆனால் இதைச் சொல்லியே எல்லா அணிக்கும் ஆறுதல் தேடாதீர்கள். எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் பாருங்கள். எடுத்ததன் வர்க்கத்தை, இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் வரும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் இது. 750 எடுத்து 650 கொடுத்த அணிக்கு 0.571, அதாவது 162இல் 92 அல்லது 93 வெற்றி. மனக்கணக்கு போதும் என்றால், கொடுத்ததைவிட அதிகம் எடுத்த ஒவ்வொரு 10 ரன்னுக்கும் 81க்கு மேல் ஒரு வெற்றி.

உங்கள் அணி இந்தக் கணக்கைவிடக் குறைவாக ஜெயித்திருந்தால் பொறுங்கள், ஒரு ரன் வித்தியாசத்தில் நழுவிய ஆட்டங்கள் அதிகமாக இருக்கும். கணக்கே மோசம் என்றால் ஜூலை முடிவையொட்டி வரும் வர்த்தகக் கெடுவை (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) பாருங்கள்: நல்ல பிட்ச்சரை விற்றுவிட்டு இளைஞர்களை வாங்கினால் நிர்வாகம் கையைக் கழுவிவிட்டது என்று பொருள். விதிவிலக்கும் உண்டு. 2021இல் சியாட்டில் மரைனர்ஸ் எடுத்ததைவிட 51 ரன் அதிகம் கொடுத்தும் 90 ஆட்டம் ஜெயித்தது. பிளே-ஆஃப் மட்டும் கிட்டவில்லை.

கேள்வி: மழை வந்தால்?

டக்வொர்த்–லூயிஸ் போன்ற எதுவும் இல்லை. ஐந்து இன்னிங்ஸுக்கு முன் நின்றால் இன்னொரு நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடங்கவே இல்லையென்றால் பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். யாருடைய இடத்தையும் மாற்றாத ஆட்டம் என்றால் கடைசியில் விட்டுவிடுவார்கள். 2006இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83–78 என்று 161 ஆட்டத்தோடு முடித்தது அப்படித்தான். அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்கே.