தோட்டப்புறத்தில் வசிப்பவர் எந்த வகை கான்டாக்ட் லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம்?

தோட்டத்தில் தங்கி வேலை செய்வதாகவும், பட்டணத்துக் கடைக்காரர், ஒரு மாதம்வரை கழற்றிக் கழற்றி அணியும் மாத லென்ஸ்தான் மலிவு என்று சொல்வதாகவும், அதை வாங்குவதா, ஒரு நாள் லென்ஸா, கெட்டி லென்ஸா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் கணக்கெழுதும் எனக்கு இந்தக் குழப்பம் நன்றாகவே தெரியும். வீட்டுத் தண்ணீரையும் வேலையிடத்துத் தூசியையும் முதலில் பாருங்கள். விலையைக் கடைசியில் பார்க்கலாம்.

எனக்குக் கிட்டப்பார்வையோடு சிலிண்டர் பவரும் உண்டு; அதாவது, கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லாத குறை. ஈப்போவிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வையைச் சோதித்து லென்ஸ் பொருத்துபவர்) ஒருவர் ஆர்ஜிபி எனப்படும் கெட்டி லென்ஸைப் பொருத்தினார். அதைப் பழங்காலச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. அந்த லென்ஸ் வடிவம் மாறாமல் நிற்பதால், அதற்கும் கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவுக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி, வளைவின் கோணலைச் சமன்செய்து விடுகிறது. கார்னியா கூம்பாகிப் போனவர்களுக்கும் இன்றுவரை அதைத்தான் பொருத்துகிறார்கள். லோரி வளைவில் திரும்பும்போதே அதன் எண்ணைப் படிக்கும் தெளிவு எனக்கு அதில்தான் கிடைத்தது.

ஆனால், மழை பெய்யாத நாள்களில் குலை ஏற்றிய லோரிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து மேடையில் ஏறும். ஒரு துகள் கெட்டி லென்ஸுக்கு அடியில் புகுந்துவிட்டால் கண்ணைத் திறக்கவே முடியாது. ஓட்டுநர் ரசீதுக்காகக் கையை நீட்டியபடி காத்திருக்க, நான் கண்ணீர் வழிய முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆகவே வேலை நாள்களுக்கு, சிலிண்டர் பவருக்கென்று வரும் டோரிக் வகையில், மென்மையான ஒரு நாள் லென்ஸுக்கு மாறினேன்.

மாத லென்ஸை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது பெரும்பாலும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்னும் மென்மையான பிளாஸ்டிக்கால் செய்த மாத லென்ஸ்கள் அதற்கு நன்றாகவே வழிவிடுகின்றன. சிக்கல் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் லென்ஸைச் சுத்தம் செய்யும் லோஷன் விட்டு விரலால் தேய்க்க வேண்டும். பழைய லோஷனோடு புதியதைச் சேர்க்காமல் முழுவதையும் கொட்டிவிட்டு ஊற்ற வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர்கூட லென்ஸிலோ பெட்டியிலோ படக்கூடாது. குழாயிலும் தொட்டியிலும் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர், கூடு கட்டிக்கொண்ட நிலையில் குளோரினையும் தாங்கும். அது கார்னியாவைத் தாக்கினால் குணமாக மாதக்கணக்கில் ஆவதோடு, பார்வை பறிபோகும் அபாயமும் உண்டு. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மழைக்கு மறுநாள் குழாயைத் திறந்தால் முதலில் கலங்கல்தான் வரும். வாளியின் அடியில் மண் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் லென்ஸ் பெட்டி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் லென்ஸுக்குப் பெட்டியும் வேண்டாம், லோஷனும் வேண்டாம்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு மாட்டினால் போதும், மாலையில் குப்பையில் போட்டுவிடலாம்.

விலையைப் பற்றி ஒன்று. மாத லென்ஸுக்குக் கெடு, உறையைத் திறந்த நாளிலிருந்து ஓடும். எத்தனை நாள் அணிந்தீர்கள் என்பது கணக்கில் வராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அணிகிறவர், லோஷன் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நாள் லென்ஸ் அவ்வளவு கூடுதலாக இராது. இந்தக் கணக்கைக் கடைகளில் எடுத்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அலமாரியில் இருப்பதையே நம் கண்ணுக்கு ஏற்றது என்று விற்பது எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம். இரவுச் சந்தையில் விற்கும் கலர் லென்ஸின் பக்கம் போகவே வேண்டாம். பவர் இல்லாத லென்ஸாக இருந்தாலும், தகுதி பெற்றவர் கண்ணின் வளைவை அளந்து பொருத்த வேண்டியதுதான்.

ஆப்டோமெட்ரிஸ்டிடம் சோதனை ஜோடி கேளுங்கள். அதை விடுமுறையில் அல்லாமல், வேலை நாளில் அணிந்து பாருங்கள். லென்ஸோடு தூங்காதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும், பெட்டி இருந்தால் அதையும் எறியாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். கிருமி எதுவென்று கண்டறிய அவற்றைப் பரிசோதனைக்கு அனுப்புவதுண்டு.