பிள்ளைக்கு கேம் கன்சோல் வாங்கியிருக்கிறோம். இணையத்தில் பாதுகாப்பாக விளையாட என்னென்ன செய்ய வேண்டும்?

நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டுக்கு கன்சோல் வந்தபோது பையனுக்கு 9 வயது. இருந்த அவசரத்தில் என் கணக்கிலேயே அவனை விளையாட விட்டுவிட்டேன். ஒரு மாதம் போயிருக்கும். "அம்மா, டிஸ்கார்டுன்னா என்ன? அந்த அண்ணா அங்க வந்து பேசச் சொல்றாங்க" என்றான். டிஸ்கார்டு என்பது கேம் விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் தனி சாட் செயலி. ஆனால் எந்த அண்ணா? தினமும் ஹெட்செட்டில் அவனோடு பேசிக்கொண்டிருந்த, எங்களில் யாருக்கும் தெரியாத ஓர் ஆள்.

கன்சோலைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் கணக்குப்படி விளையாடியது வளர்ந்த பெண்மணி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ மூன்றிலுமே குழந்தைக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அதை உங்கள் குடும்பக் கணக்கோடு இணைக்கலாம். பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். ஏதோ ஒரு கேம் திறக்கவில்லை என்று வயதைக் கூட்டிப் போட்டால் மற்ற தடைகளும் சேர்ந்தே தளர்ந்துவிடும். சரியான வயது இருந்தால் யாரோடு பேசலாம், எவ்வளவு நேரம் விளையாடலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். நிண்டெண்டோவுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் இதற்கென்றே மொபைல் செயலிகள் உண்டு.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கட்டுப்பாடுகளுக்கான கடவு எண் முதலில் 0000 என்றுதான் இருக்கும். மாற்றிவிடுங்கள், பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். புதிய பயனர், விருந்தினர் கணக்குகளையும் அங்கேயே தடுத்துவிடலாம்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பல ஆன்லைன் கேம்களுக்குத் தனிக் கணக்கு, தனி சாட் அமைப்பு உண்டு. கன்சோலில் பூட்டுவது அங்கே எட்டாமல் போகலாம். ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் கேம் விஷயத்தில் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2022இல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்றே, சிறுவர்களுக்கும் குரல் சாட்டும் எழுத்து சாட்டும் தானாகவே திறந்திருந்தன என்பதுதான். குழந்தைகளின் தனியுரிமை தொடர்பான அந்தப் பகுதிக்கு மட்டும் அந்த கேமைத் தயாரித்த எபிக் நிறுவனம் 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு கேமுக்குள்ளும் போய் செட்டிங்ஸைப் பாருங்கள். அலுப்பான வேலைதான்.

அட்டையில் போட்டிருக்கும் வயதுக் குறியீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். அது கேமின் உள்ளடக்கத்துக்கானது. எதிர்முனையில் இருக்கும் ஆள் என்ன பேசுவார் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

கார்டு எண்ணை கன்சோலில் சேமித்து வைக்க வேண்டாம். இதற்கு விளக்கமே தேவையில்லை.

அப்புறம், நாங்கள் கன்சோலைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினோம். ஹெட்செட்டுக்குப் பதில் டிவி ஸ்பீக்கர். சத்தம் தாங்க முடியாதுதான், ஆனால் யார் என்ன பேசுகிறார்கள் என்று சமையலறை வரை கேட்கும். பையனிடம் ஒரு வாக்கும் கொடுத்தேன்: என்ன நடந்தாலும் வந்து சொல், அதற்காக கன்சோலைப் பிடுங்க மாட்டேன். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பது என் எண்ணம்.

போன வாரம் யாரோ இலவசமாக காயின் தருவதாகச் சொல்லி பாஸ்வேர்டு கேட்டிருக்கிறார்கள். அவனே வந்து காட்டினான். சேர்ந்து உட்கார்ந்து பிளாக் செய்தோம். புகார் அனுப்பும் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவன்தான்.