செவ்விலை ஆசையும் சென்னை வெயிலும் – தோட்டம் கேள்வி பதில்

ஜனவரியில் ஆன்லைனில் வாங்கிய ஜப்பானிய மேப்பிள் செடி இரண்டு மாதம் தளதளவென்று இருந்தது. பங்குனி பிறந்ததும் இலை ஓரங்கள் கருகிச் சுருள்கின்றன. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை. என்ன நோய் இது?
– வாசகி, வேளச்சேரி

பெரும்பாலும் நோயாக இருக்காது. வெளிப்பக்க இலைகளில் நுனியும் ஓரமும் ஒரே மாதிரி பழுப்பாகிக் காய்ந்தால் அது வெயில் கருகல். ஒரு கிளை மட்டும் மொத்தமாக வாடி, அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே கருங்கோடுகள் தெரிகின்றன என்றால்தான் வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது.

கருகலுக்குச் சென்னையில் இரண்டு காரணங்கள். மெல்லிய இலை இழக்கும் ஈரத்தை வேர் அதே வேகத்தில் ஏற்றிக் கொடுக்க முடியவில்லை, இது ஒன்று. இன்னொன்று போர் தண்ணீர். உப்பு வேரைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் உப்புதான். இந்த நிலையில் தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகி, கருகல் இன்னும் அதிகமாகும்.

தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடிய விடுங்கள். அடியில் தட்டு வைக்கக் கூடாது. ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். பிறகு, விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலை ஒன்பது மணி வரை வெயில், அதற்குப் பின் நிழல் கிடைக்கும் இடம் தேவை. கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த பால்கனி நல்லது. மொட்டைமாடிதான் வழி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டி, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கான்கிரீட் தளம் இரவிலும் சூட்டைக் கக்கும். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி வேரைக் குளுமையாக வைக்கும்.

கருகிய செடிக்கு உரம் போடாதீர்கள், அதுவும் உப்புதான். பாதி கருகிய இலைகளையும் பறிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சைதான் செடிக்குச் சோறு. எல்லாம் செய்தாலும் ஓரிரு கோடையைத் தாண்டினால் பெரிது.

டோக்கியோவிலும் ஆகஸ்டில் 35 டிகிரி புழுக்கம் உண்டே. அங்கே வளரும் மரம் இங்கே ஏன் வளராது?
– வாசகர், மேற்கு மாம்பலம்

நல்ல கேள்வி. வெயில் மட்டும்தான் தடை என்றால் நிழல்வலையோடு கதை முடிந்திருக்கும். உண்மையான தடை, நமக்குக் குளிர்காலம் இல்லாததுதான். டோக்கியோவில் ஜனவரி இரவுகள் ஒன்றிரண்டு டிகிரி வரை இறங்கும். மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். பல வாரக் குளிர் கடந்த பிறகே அதன் மொட்டுகள் வசந்தத்தில் ஒழுங்காக விரியும். சென்னையில் ஜனவரி இரவே சுமார் 21 டிகிரி. உறக்கம் கிடைக்காத மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்து, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். போதாக்குறைக்கு, மே மாத இரவுகளின் சராசரியே சுமார் 28 டிகிரி. பகலில் இலை சமைத்ததில் கணிசமான பகுதியை இரவில் சுவாசமே தின்றுவிடுகிறது.

தொட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து டிகிரியில் ஆறு வாரம் வைத்தால் உறக்கம் கிடைக்கலாம். வெளியே எடுத்ததும் எதிரே நிற்பது கத்திரி வெயிலாயிற்றே! அந்தப் பணத்துக்கு வேறு செடி வாங்கலாம்.

நீல நிற மேப்பிள் விதை ஒரு பாக்கெட் வாங்கினேன். முளைக்க வைப்பது எப்படி?
– வாசகர், அம்பத்தூர்

நீல இலை ஜப்பானிய மேப்பிள் என்று ஒன்று கிடையாது. படத்தில் நிறத்தை மாற்றி விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஏதாவது மேப்பிளாக இருந்தால், சாதாரணப் பச்சையோ சிவப்போ வரும். பெயர் பெற்ற ரகங்கள் விதையில் அப்படியே வருவதில்லை. அதனால்தான் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள்.

முளைக்கவைத்துப் பார்க்க ஆசையென்றால், விதையின் இறக்கையை ஒடித்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான தேங்காய் நார்த்தூளில் கலந்து, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 90 முதல் 120 நாள் வைக்க வேண்டும். ஃபிரீசரில் அல்ல. நார்த்தூளை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை நீக்குங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை பூஞ்சணம் இருக்கிறதா பார்த்து, கெட்ட விதையை எடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் உள்ளே வைத்தால் டிசம்பரில் வெளியே எடுக்கலாம், நாற்றுக்கு நம் ஊரில் இதமான மாதம் அதுதான். கோடை வருமுன் மலை ஊரில் யாரிடமாவது ஒப்படைத்துவிடுவது உத்தமம்.

கோத்தகிரியில் எங்களுக்குச் சிறிய வீடு உண்டு. அங்கே நடலாமா? வசந்தத்தில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, அண்ணா நகர்

தாராளமாக நடலாம். மேப்பிள் விரும்புவது சற்றே அமிலத்தன்மையுள்ள மண், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. தேயிலை விளையும் நீலகிரி மண் இயல்பிலேயே அமிலம்தான். சுண்ணாம்பு போட்டுக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

மொட்டு உப்பும் சமயத்தில், இலை விரிவதற்கு முன் நடுங்கள். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்த மேப்பிள் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் இளைத்துக்கொண்டே போகும், காரணமும் புரியாது. சரிவின் அடியில் குளிர்காற்றும் மழைநீரும் தேங்கும் பள்ளம் வேண்டாம். ஆடிக்காற்று நேராக அடிக்கும் மூலையும் வேண்டாம், பிளவு இலை ரகங்கள் கிழிந்து தொங்கும்.

இலைச்சருகு மூடாக்கை 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். இலை முழுதும் விரிந்த பிறகு நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு கூடை போதும். யூரியா போட்டால் வளர்த்தியான, மெல்லிய துளிர்தான் வரும், அசுவினிக்கு அது விருந்து. அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம்.

கத்தரிக்கோலை வசந்தத்தில் எடுக்க வேண்டாம். சாறு ஏறும் நேரத்தில் வெட்டினால் வடிந்துகொண்டே இருக்கும். காய்ந்த குச்சியை மட்டும் நீக்கலாம். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை இருக்கும் கிளை உயிரோடிருக்கிறது, தொடாதீர்கள். ஒட்டுக்குக் கீழே வேர்க்கன்றிலிருந்து (மேல் ரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த கன்று) வரும் துளிர்களை மட்டும் உடனுக்குடன் அகற்றுங்கள். விட்டால் அவை வளர்ந்து மேலே உள்ள சிவப்பு ரகத்தை அமுக்கிவிடும். ‘சிவப்பு மேப்பிள் பச்சையாக மாறிவிட்டது’ என்ற புகார் சிலவற்றின் பின்னணி இதுதான். மற்றவற்றில் பல நிழல் அதிகமானதால் வருபவை. துளிர் விட்ட பின் உறைபனி விழும் என்று தோன்றினால், மாலையில் பழைய வேட்டியால் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். இலையில் ஒட்டும் பிளாஸ்டிக் கூடாது.

மலை வீடெல்லாம் இல்லை. மாடியில் அதே தோற்றத்தில் ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், தாம்பரம்

கிடைக்கும். ஹைபிஸ்கஸ் அசிடோசெல்லா என்ற சிவப்பிலைச் செம்பருத்தி. ஐந்து விரலாகப் பிளந்த கருஞ்சிவப்பு இலை, தூரத்திலிருந்து பார்த்தால் மேப்பிள் என்றே ஏமாறலாம். புளிச்சகீரையின் உறவு, இளம் இலை புளிக்கும், சமைக்கலாம். பென்சில் கனத்தில் ஆறு அங்குலக் குச்சி வெட்டி, இரண்டு கணு மண்ணில் இருக்கும்படி நட்டால் வேர்விடும். 12 அங்குலத் தொட்டி, தினம் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும், நிழலில் நிறம் மங்கும். அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பிறகும் மாதம் ஒருமுறை கிள்ளினால் புதராக நிற்கும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக ஐந்தடிக்கு ஓடிச் சாயும். இதற்கு எதிரி மாவுப்பூச்சி. இலை அடியிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு ஏறும் தொட்டியில் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வரும், அதனால் எறும்பையும் சேர்த்தே தடுக்க வேண்டும்.