பேருந்து நிலையம் நகர்ந்தால் யாருக்கு மூச்சு வாங்கும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. ஊரில் எதையோ கட்டுகிறார்கள், இடிக்கிறார்கள், இடம் மாற்றுகிறார்கள், அதனால் எங்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்று. சர்க்கரை, முட்டிவலி கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும். இதைப் பேசிவிடலாம்.

கேள்வி: எங்கள் ஊர் பேருந்து நிலையத்தை ஆறு கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள். நெரிசல் குறையும், புகை குறையும், உங்கள் ஆரோக்கியத்துக்குத்தான் நல்லது என்கிறார் எங்கள் கவுன்சிலர். என் அப்பா கிராமத்தில் இருந்து வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வருகிறார். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே அரசு ஆஸ்பத்திரி. இதைச் சொன்னால், "ஒருத்தருக்காகத் திட்டத்தை மாத்த முடியுமாம்மா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கவுன்சிலர் சொன்னதில் பாதி சரி. ஊர் நடுவே நாள் முழுக்க டீசல் பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கும்போது, அந்தப் புகையை ஓசியில் வாங்கிக்கொள்கிறவர்கள் பூ விற்கிற அம்மா, டீக்கடைப் பையன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். காற்றில் இருக்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 40. அதனால் புகை குறைவதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

மற்ற பாதிக்கு வருவோம். பஸ் வெளியே போய்விட்டால் ஜனங்கள் ஊருக்குள் வராமல் இருந்துவிடுவார்களா? ஷேர் ஆட்டோவிலும் டூவீலரிலும் வருவார்கள். புகை கொஞ்சம் குறையும், கொஞ்சம் இடம் மாறும். புதிதாக ஒரு பயணம் மட்டும் நிச்சயமாகச் சேரும். உங்கள் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் டவுன் பஸ் பிடித்து, ஆறு கிலோமீட்டர் நின்றுகொண்டே போய், அங்கே ஊர் பஸ்ஸைத் தேட வேண்டும். என்ன நடக்கும் தெரியுமா? ஒரு நாள் மழை, ஒரு நாள் அசதி, "இன்னிக்கு ஒரு தடவைதானே, விட்டுடலாம்" என்பார். விட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், நுரையீரலில் சேரும், மூச்சு வாங்கும், ராத்திரி இரண்டு மணிக்கு 108ஐக் கூப்பிட வேண்டி வரும். ஆஸ்பத்திரிக் கணக்கில் அது சிறுநீரகக் கோளாறு. பஸ் ஸ்டாண்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு ஒரு வரி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

'ஒருத்தருக்காக' என்கிறாரே, அந்த ஒருத்தர் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினார்களா? ஒரு திங்கட்கிழமை காலை ஏழு முதல் பத்து மணி வரை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். எந்த ஊர், எந்த பஸ், எதற்கு வந்தீர்கள், மூன்றே கேள்வி. ஸ்கேனுக்கு வந்த கர்ப்பிணிகள், காசநோய் மாத்திரை வாங்க வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று பக்கம் பக்கமாக நிரம்பும். நூறு பேர் பெயரை எழுதிக்கொண்டு போனால் கவுன்சிலரின் குரலே மாறும்.

இன்னொன்று, அந்த பைபாஸ். ஊருக்குள் ஊர்ந்த வண்டிகள் அங்கே பறக்கும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இறங்கினவர் எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் எங்கே கடப்பார்? படியேறும் நடைமேம்பாலம் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முட்டிவலிக்காரர் அதில் ஏறமாட்டார், தடுப்புச் சுவரைத்தான் தாண்டுவார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு ஊரின் வாரச்சந்தையை நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றும் கோப்பு என் மேசைக்கு வந்தது. குடிதண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, குப்பையை எங்கே கொட்டுவார்கள் என்று வரிசையாகப் பார்த்து, தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். கூடையோடு வரும் கிழவி சாலையை எப்படிக் கடப்பாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அந்தப் படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை, நானும் கட்டத்துக்கு வெளியே யோசிக்கவில்லை. சந்தை திறந்த வருஷமே அடிபட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அதனால் 'மாற்றவே கூடாது' என்று போய் நிற்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். வெளியூர் பஸ்கள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஆள் இறக்கிவிட்டுப் போக வேண்டும், புதிய நிலையத்துக்கு விடியற்காலையில் இருந்து டவுன் பஸ் ஓட வேண்டும், சாலையைத் தரைமட்டத்திலேயே சிக்னலோடு கடக்க வழி வேண்டும் என்று கேளுங்கள். அதுவும் நிலையம் திறப்பதற்கு முன்னால். சென்னைக்காரர்களுக்கு இது பட்ட அனுபவம். கிளாம்பாக்கம் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள், பக்கத்தில் வரவேண்டிய ரயில் நிலையம் அப்போது வரவில்லை. மூட்டையும் பிள்ளையுமாக நடுராத்திரி அங்கே இறங்கியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கேள்வி: ஒரு திட்டத்தால் உடல்நலத்துக்கு வரும் நல்லது கெட்டதை முன்கூட்டியே மதிப்பிட முறை இருக்கிறதாமே? சுற்றுச்சூழல் அறிக்கை என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?
- வாசகர், நாமக்கல்

பதில்: இருக்கிறது. சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்று பெயர். 1999இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் கூடி வகுத்த ஒரு வரையறையைத்தான் இன்றும் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். விஷயம் எளிது. இந்தத் திட்டத்துக்கு மதிப்பீடு தேவையா, எதை எதைப் பார்ப்பது, யாருக்கு என்ன ஆகும், எதை மாற்றலாம், கட்டி முடித்த பிறகு சொன்னது நடந்ததா என்று ஐந்து படி. அந்த மூன்றாவது படியில் இருக்கும் 'யாருக்கு' என்ற சொல்தான் உயிர். மொத்தக் கணக்கில் ஊருக்கு லாபம் என்று வரும், பிரித்துப் பார்த்தால் லாபம் கார்க்காரருக்கும் நஷ்டம் நடந்துபோகிறவருக்கும் போயிருக்கும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேறு. நம் நாட்டில் 2006 செப்டம்பர் அறிவிக்கைப்படி சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு அது கட்டாயம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு, அதற்கு 30 நாள் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். அதில் காற்று, தண்ணீர், இரைச்சல் எல்லாம் வரும். ஆனால் மனுஷன் பின்பக்கத்து அத்தியாயத்தில் எட்டிப்பார்ப்பான். கட்டடங்கள் என்றால் 20,000 சதுர மீட்டருக்கு மேல்தான் அனுமதியே தேவை, அப்போதும் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், மேம்பாலம் எல்லாம் பெரும்பாலும் இந்த வலைக்குள் சிக்காது.

தாய்லாந்தில் 2007 அரசியல் சட்டத்திலேயே சுகாதார மதிப்பீட்டை எழுதிவைத்தார்கள். அதைக் காட்டி 2009இல் மாப் தா புட் தொழிற்பேட்டையில் 76 திட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பெரும்பாலானவை பிறகு தொடர்ந்தன என்றாலும் கம்பெனிகளுக்குத் தூக்கம் போனது உண்மை. வேல்ஸில் 2017இல் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இத்தனைக்கும் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. நகர்நல அலுவலர் என்று ஒரு பதவியும் இருக்கிறது. நகரமைப்புப் பிரிவு அவரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டுவதற்குச் சட்டம் எதுவும் தடையாக இல்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: நான் படித்தது பத்தாவது. எங்களைப் போன்றவர்கள் சொன்னால் எடுபடுமா? எந்தக் கட்டத்தில் போய்ச் சொல்வது?
- சுய உதவிக்குழு உறுப்பினர், விருதுநகர்

பதில்: டெண்டர் விட்ட பிறகு போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோடு பென்சிலில் இருக்கும்போதே போக வேண்டும். எந்த இடத்தில் என்ன வரலாம் என்று காட்டும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஊருக்கு ஒன்று தயாரிப்பார்கள். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அதன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அந்த அறிவிப்பு நாளிதழின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும், வேண்டுமென்றே கண்ணில் படாமல் போடுகிறார்களோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். கிராமம் என்றால் கிராம சபை, நகரம் என்றால் 2022இல் இருந்து வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை. வரைபடம் கொடுக்க மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

படிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திட்ட அறிக்கை எழுதும் ஆலோசகர் காரில் வந்து ஒரு மத்தியானம் பார்த்துவிட்டுப் போகிறவர். மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த மூலையில் விளக்கு இல்லாததால் பெண்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள், தண்ணீர் லாரி வராத நாளில் எந்தக் கிணற்றில் மொள்கிறார்கள், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். குழுவில் பத்துப் பேர் சேர்ந்து திட்டம் வரும் இடத்தை ஒரு தடவை காலையில், ஒரு தடவை இருட்டிய பிறகு நடந்து பாருங்கள். நடக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 'சுகாதாரம் பாதிக்கும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள், 'புதுச் சுவர் வந்தால் அங்கன்வாடிக்குப் போகும் 34 பிள்ளைகள் லாரி ரோட்டில் சுற்ற வேண்டும்' என்று உங்கள் ஊரில் எண்ணிய எண்ணை எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எதையும் கட்டவே முடியாது போலிருக்கிறதே. ரோடு போட்டாலும் குற்றம், வீடு கொடுத்தாலும் குற்றமா?
- ஒப்பந்ததாரர், கோயம்புத்தூர்

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இது தடுப்பதற்கான கருவி இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தைச் சுற்றி, பழைய ரயில் பாதையில் 35 கிலோமீட்டருக்கு நடைபாதையும் பூங்காவுமாக ஒரு வளையம் போடும் திட்டத்துக்கு 2007இல் இப்படி மதிப்பீடு செய்தார்கள். அது திட்டத்தை ஆதரித்தது. பூங்காவையும் நடைபாதையையும் முதலிலேயே முடியுங்கள், ஏழைப் பகுதிகளுக்கும் கிடைக்கச் செய்யுங்கள், வாடகை ஏறி அங்கிருப்பவர்கள் வெளியேறாமல் பாருங்கள் என்றது. வாடகை ஏறத்தான் செய்தது, அது வேறு கதை. மதிப்பீடு சொல்லும், செய்ய வைக்காது.

வீடு கொடுத்ததையும் சொல்கிறீர்கள். சென்னையில் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். வெள்ளத்தில் இருந்து தப்பித்தார்கள், கான்கிரீட் கூரை கிடைத்தது, அது லாபம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றால் பக்கவாதக்காரர் அன்று கீழே இறங்கமாட்டார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் வீட்டோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும், பின்னால் வந்தன. எத்தனை பேருக்கு எத்தனை நோய் வரும் என்று இம்மி பிசகாமல் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. லிஃப்ட் நிற்கும் என்று சொல்ல யாருக்கும் பட்டம் தேவையில்லை.

கேள்வி: பக்கத்து மனையில் ஒரு வருஷமாக அபார்ட்மென்ட் கட்டுகிறார்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டெங்கு. சம்பந்தம் இருக்குமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து வராது, அதனால் தேட வேண்டியது உங்கள் அக்கம்பக்கத்தில்தான். கான்கிரீட்டை நனைக்கப் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர், மூடாத தொட்டி, லிஃப்ட் குழி, மூன்றையும் பாருங்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசுவும் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் கட்டுமான இடத்துத் தொட்டியிலும் வளர்கிற ஜாதிதான். மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், புழு இருக்கும் தண்ணீரை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியே உங்கள் வீட்டு மொட்டைமாடியையும் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள், ஆய்வாளர் முதலில் அங்கேதான் ஏறுவார்.