கோயில் பொங்கலில் ஒரே இரவில் சேரும் காசை எப்படி வாங்கி, எண்ணி, வங்கிவரை கொண்டுபோகிறார்கள்? களவு போகாதா?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயிலில் பதினொரு பொங்கலுக்கு ரிக்கற் மேசையில் இருந்திருக்கிறேன். மற்ற நாளில் கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர். கோயிலின் பெயரை விட்டுவிடுகிறேன், ஏன் என்று கீழே விளங்கும். களவுப் பயம் எங்களுக்குக் கடைசிப் பயம்தான். முதல் பயம் சில்லறை.

வன்னியில் பெருங்கூட்டம் இரண்டு வகை. மடு மாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குச் சனம் பல நாள் முன்னமே வந்து கூடாரம் அடித்துத் தங்கும். காசும் அப்படியே நாள்நாளாகப் பிரிந்து வரும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனில் அது நடக்காது. பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கு எரியத் தொடங்கும். பிறகு வைகாசியில் ஒரு திங்கட்கிழமை நந்திக்கடல் ஓரம் தலையும் கற்பூரச் சட்டியுமாகத்தான் தெரியும். எங்கள் கோயில் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனாலும் எங்களுக்கும் எல்லாம் ஒரே இரவில்தான். அதுவும் வெள்ளிக்கிழமைப் பொங்கல். திங்கள் காலைவரை வங்கி இல்லை.

அருச்சனை ரிக்கற் 50 ரூபா. ஏ.ரி.எம்.மில் எடுத்த கையோடு வருகிறவர் நீட்டுவது 5000 தாள். ஒருவருக்கு 4950 ரூபா மிச்சம் கொடுத்துப் பாருங்கள், பத்துப் பேரில் லாச்சி காலி. பின்னால் வரிசை தேர் முட்டி தாண்டி நிற்கும், பிள்ளை அழும், யாராவது சத்தம் போடுவார். காசு காணாமல் போவதெல்லாம் இந்த நேரத்தில்தான். அவசரத்தில் 500 என்று நினைத்து 1000 கொடுத்துவிடுவோம், போலித் தாளையும் வாங்கிப் போட்டுவிடுவோம். அதனால் 5000 தாள் ஒவ்வொன்றையும் ரோர்ச்சில் பிடித்துப் பார்க்கவே ஒருவரைத் தனியாக இருத்தினோம். நீரடையாளக் குருவி தெரிகிறதா, இழை சரியா, விரலுக்கு அச்சு தட்டுப்படுகிறதா, அவ்வளவுதான் பார்வை.

வங்கியில் ஒரு கிழமை முன்னரே சொல்லி 20, 50, 100 தாள்களில் கட்டு எடுத்து வைப்போம். அது நடுச்சாமம்வரைகூடக் காணாது. எங்களைக் காப்பாற்றியது கச்சான் கடை அக்காதான். இரவு பதினொரு மணிக்கு அவவின் சாக்குக்கு அடியில் நூறும் இருபதுமாகக் குவிந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு பயந்துபோய் இருப்பா. நான் ஐந்து 5000 தாளோடு போவேன். "தம்பி, எனக்கு ஒரே தாளா இருந்தா நல்லம், மடியிலை முடிஞ்சிடுவன்" என்பா. எண்ணெய்ப் பிசுக்கும் கச்சான் தோலும் ஒட்டிய தாள்களை இருவரும் மாறி மாறி இரண்டு தரம் எண்ணுவோம். போகும்போது ஒரு சுருள் கச்சான் இனாம். (போனில் காட்டிக் காசு கட்டும் லங்கா கியூஆர் அட்டையும் ஒரு வருடம் ஒட்டினோம். சனம் கூடியதும் போன் சிக்னல் படுத்துவிட்டது. அட்டை இன்னும் தூணில் இருக்கிறது.)

அடுத்தது, லாச்சியில் காசு தேங்கக் கூடாது. மணிக்கு ஒருக்கால் பெரிய தாள்களை எல்லாம் எடுத்து உறையில் போட்டு ஒட்டி, மேலே நேரம், ரிக்கற் இலக்கம் எதிலிருந்து எதுவரை, இரண்டு கையெழுத்து. மேசையில் வைத்து எண்ணுவதே இல்லை. எத்தனை ரிக்கற் கிழிந்தது என்று தெரிந்தால் எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

உண்டியல் வேறு உலகம். அதற்கு ரிக்கற்றும் இல்லை, இலக்கமும் இல்லை. எட்டாக மடித்த தாள், சந்தனம் காய்ந்து ஒட்டிய தாள், தீர்த்தத்தில் ஊறிய தாள். முதலில் விரித்து வகை பிரிக்க வேண்டும், பிறகுதான் எண்ணல். மஞ்சள் பல்பின் கீழ் 50இன் நீலமும் 500இன் ஊதாவும் ஒன்றுபோல் ஏமாற்றும் என்பதால் பகலில்தான் பிரிப்போம். நாணயத்தைத் தராசில் நிறுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2017 முதல் வந்த துருப்பிடிக்காத உருக்கு நாணயங்களும் பழையவையும் ஒரே பெறுமதியானாலும் ஒரே நிறை இல்லை என்று அப்போதுதான் கண்டோம். கனடா, சுவிஸ் காசும் விழும். அந்தச் சில்லறையை எங்கள் வங்கி வாங்கவில்லை. லீவில் வந்தவர்களிடம் மாற்றிக்கொண்டோம். ஊசி குத்திய, எழுதிய தாள்களால்தான் தலையிடி. வேண்டுமென்று சிதைத்த தாளை 2017 டிசம்பர் 31க்குப் பிறகு ஏற்க முடியாது என்று மத்திய வங்கி அறிவித்தது. அதோடு தாளை ஊசியால் குத்திக் கோக்கும் காசு மாலையை நிறுத்தச் சொல்லிப் பலகை வைத்தோம். நைந்து கிழிந்த தாள் எங்களுக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் பசை வைத்து ஒட்டிய தாளில்தான் வன்னியே அரிசி வாங்கியது.

சரி, பெயரை ஏன் விட்டேன் என்பதற்கு வருகிறேன். உறை முறை வருவதற்கு முந்திய வருடம். விடிய எண்ணிப் பார்த்தால் ஒரு மேசையில் 25,000 ரூபா குறைவு. நூறு ரிக்கற் கொண்ட புத்தகம் 5000, ஆக ஐந்து புத்தகத்தின் காசு. அந்த மேசையில் இருந்தவன் உயர்தரம் படிக்கும் பெடியன். கோயில் சபையில் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் அவனுடைய காற்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விசயம் வெளித்தது. சபையின் பெரியவர் ஒருவர் வாகனத் தரிப்பிடப் பக்கம் சனம் கூடிவிட்டது என்று அந்த மேசையிலிருந்து ஐந்து புத்தகத்தை எடுத்துப்போய், தானே நின்று விற்று, வந்த காசைக் கொண்டுபோய் உண்டியலில் போட்டிருக்கிறார். எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. "எல்லாம் அம்மாளின்ரை காசுதானே?" என்றார். ஒரு சதம்கூடக் குறையவில்லை.

அடுத்த வருடம் உறையும் கையெழுத்தும் வந்தன. பெடியனுக்கும் ஆள் அனுப்பினோம். அவன் மேசைக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்து வரிசையில் நின்று, என் முன்னால் 50 ரூபாவைச் சரியாக நீட்டி, ரிக்கற்றின் இலக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனான்.