சூப்பர்கிளாஸில் (தாய் கிளாஸில்) உள்ள ப்ராப்பர்ட்டி (கிளாஸ் வைத்திருக்கும் ஒரு மதிப்பு) ப்ரோட்டோகாலுக்குப் போதுமா?

போதும். ஆப்பிள் ஆப்கள் எழுத உதவும் ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் ப்ரோட்டோகால் என்பது, 'இந்த மெத்தடுகள் (செயல்கள்) என்னிடம் இருக்கும்' என்று ஒரு கிளாஸ் தரும் வாக்கு. அது ப்ராப்பர்ட்டி கேட்டாலும், உண்மையில் பார்ப்பது மதிப்பைப் படிக்கும் கெட்டர், அதை மாற்றும் செட்டர் என்ற இரண்டு மெத்தடுகளைத்தான். அவை சூப்பர்கிளாஸிலிருந்து வந்தாலும் சரி. 'பைக் இருக்க வேண்டும்' என்று கேட்கும் வேலைக்கு அப்பாவின் பைக்கிலேயே போகலாம் இல்லையா, அதுபோல.

வம்பு ரீட்ஒன்லியில்தான். சூப்பர்கிளாஸ் படிக்க மட்டும் விட்டு, ப்ரோட்டோகால் மாற்றவும் கேட்டால், செட்டர் இருக்காது. கம்பைலர் எச்சரிக்கை மட்டும் தரும்; அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், செட்டரை அழைக்கும்போது ஆப் கிராஷ் ஆகும்.

ப்ரோட்டோகாலில் அறிவித்தாலே ப்ராப்பர்ட்டி தானாக உருவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, சூப்பர்கிளாஸிலும் இல்லையென்றால், உங்கள் கிளாஸில் மறுபடி அறிவிக்க வேண்டும், அல்லது கெட்டர், செட்டரை உருவாக்கச் சொல்லும் @சிந்தசைஸ் (@synthesize) போட வேண்டும்.